மலைத்தேனும் பழச்சர்க்கரையும்

சேலம் நகரத்திற்கு வடகிழக்கே எழும்பி நிற்கும் சேர்வராயன் மலையின் உச்சியில், கடல்மட்டத்திற்கு மேல் 1,623 மீட்டர் உயரத்துச் சமவெளியில், குகையொன்றினுள் சேர்வராயரும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கும் கோயிலுக்கு ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவில் மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் திரண்டு வருகிற மலையாளி என்னும் பழங்குடி மக்கள், முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்களின் சந்ததியார் தாங்கள் என்றும், அவர்களுள் மூத்தவன் குடியேறிய மலை இதுவே என்றும் சொல்லிக்கொள்வது வழக்கம். சாமையும் கேழ்வரகும் விளைவித்தும், காப்பித் தோட்டங்களில் வேலைக்குச் சென்றும், இடையிடையே காட்டில் கிடைப்பவற்றைச் சேகரித்தும் வாழ்ந்து வரும் அம்மக்களுக்குத் தேனெடுத்தல் பரம்பரையாக வந்த வித்தை. பாறை முகட்டில் தொங்கும் மலைத்தேன், மரப்பொந்தில் அகப்படும் அடுக்குத்தேன், புதர்க்கிளையில் சிறு அடையாகக் கட்டும் கொம்புத்தேன், கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத சிற்றீக்கள் சேர்க்கும் கொசுத்தேன் என்று தமிழர் பாகுபடுத்தியிருக்கும் வகைகள் நிறத்திலும் மணத்திலும் ருசியிலும் தம்முள் வேறானவை. ஆயினும் ரஸாயன நோக்கில் அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே வகுப்பில் வைக்கும் பொதுத்தன்மை ஒன்று உண்டு: இருவேறு சர்க்கரைகளைச் சற்றேறக்குறையச் சம அளவில், சொற்பத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கும் அடர்ந்த பாகு அவை.

மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டின் இராக்குளிர் 13, 14 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது, புட்டியில் வைத்த தேன் சில சமயம் அடியிலிருந்து மணல்மணலாய் வெளுத்து உறையத் தொடங்கும். அதைக் கண்டவுடன், விற்றவன் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றிவிட்டான் என்று வாங்கினவர் பழிபோடுவதும், மலையடிவாரத்துக் கடைகளில் அதன்பொருட்டு வாக்குவாதம் மூளுவதும் அபூர்வமல்ல. தேன் உறைவதற்கு மிகவும் உகந்த உஷ்ணநிலை ஏறத்தாழ 14 பாகையே என்பது ஆராய்ந்து கண்ட உண்மையாதலால், ஏற்காட்டுக் குளிரில் தேன் உறைவதில் வியப்பேதும் இல்லை. புட்டிக்குள் நடப்பது பிரிவினை. அடியில் படிந்த வெண்பளிங்கு குளுக்கோஸ். மேலே பாகாக நிற்பதில் மேலோங்கியிருப்பது பழச்சர்க்கரை எனப்படும் ஃபிரக்டோஸ். இயற்கை இவ்வாறு தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிற காரியத்தை முடித்து, ஃபிரக்டோஸை மற்றச் சர்க்கரைகளினின்று நீக்கித் தூய பளிங்காக எடுப்பதற்கு ரஸாயனிகள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையாண்டு வந்த உபாயங்களையும், அவ்வுபாயங்களுள் எளிய சுண்ணாம்புக்கு வாய்த்த ஸ்தானத்தையும், அவ்வித்தை முதிர்ந்ததன் பயனாகத் தேனுக்கே நேர்ந்துள்ள சங்கடத்தையும் இங்கே எடுத்துச் சொல்ல எண்ணுகிறேன்.

பொதுவாகத் தேனில் நூற்றுக்கு 38 பங்கு ஃபிரக்டோஸும், 31 பங்கு குளுக்கோஸும், 17 முதல் 20 பங்கு வரை தண்ணீரும் இருக்கும். எஞ்சியது மால்ட்டோஸ் முதலிய சர்க்கரைகளும், அமிலங்களும், நொதிகளும், மணம் தரும் நுண்பொருள்களும் ஆகும். பூவின் மதுவில் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையாக, அதாவது சுக்ரோஸாக, இருந்ததையே தேனீ தன் வாயிலூறும் நொதியால் பிளந்து இவ்விரண்டாக ஆக்கிவிடுகிறது; தேனில் எஞ்சும் சுக்ரோஸ் மிகவும் சொற்பம். அவ்வாறு பிளவுபட்டுப் பிறந்த இரண்டுக்கும் அணுக்கணக்கு ஒன்றே: ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்ஸிஜன். எடையும் ஒன்றே. கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புடைய ஆக்ஸிஜன் முதற் கார்பனில் அமைந்தால் குளுக்கோஸ், இரண்டாவது கார்பனில் அமைந்தால் ஃபிரக்டோஸ். மூன்றாவது கார்பன் முதல் ஆறாவது வரையில் இரண்டுக்கும் அமைப்பில் அணுவளவும் பேதம் கிடையாது. ஓர் ஆக்ஸிஜன் இடம் மாறி உட்கார்ந்திருப்பதே இவ்விரண்டின் பேதம் முழுவதற்கும் மூலம்.

அச்சிறிய பேதத்தின் பலன்களோ சிறியவை அல்ல. சாதாரண அறை உஷ்ணத்தில் நூறு கிராம் தண்ணீர் ஏறத்தாழ 90 கிராம் குளுக்கோஸைக் கரைக்குமென்றால், அதே தண்ணீர் 370 கிராமுக்கும் மேற்பட்ட ஃபிரக்டோஸைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். குளிரில் முந்தி உறைவது குளுக்கோஸ் ஆனதற்குக் காரணம் இதுவே. முனைவாக்கிய ஒளியைக் குளுக்கோஸ் கரைசல் வலப்புறமாகத் திருப்ப, ஃபிரக்டோஸ் அதனினும் வலுவாக இடப்புறமாகத் திருப்பும்; அதனாலேயே முன்னாளில் அதற்கு இடப்பக்கத்தைக் குறிக்கும் லெவுலோஸ் என்ற பெயர் வழங்கிற்று. இனிப்பில் சர்க்கரைகள் யாவற்றிலும் முதலிடம் ஃபிரக்டோஸினுடையது. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து எளிதில் கசிந்துவிடும் ஸ்வபாவமும் அதற்கு உண்டு. எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் பாகாகவே நின்று பளிங்காக மறுக்கும் அதன் பிடிவாதம் எத்தனையோ ஆராய்ச்சியாளர்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறது.

தேனுக்குள் இரண்டு சர்க்கரைகள் உண்டு என்பதை முதலில் ஊகித்தவர்களுள் ஒருவர் ருஷ்ய நாட்டின் பீட்டர்ஸ்பர்க்கில் மருந்துச் சாலையில் பணிபுரிந்த லோவிட்ஸ். 1792ஆம் ஆண்டில் அவர் உறைந்த தேனைச் சாராயத்தால் கழுவி ஆராய்ந்து, அதில் பளிங்காகும் சர்க்கரையும் பளிங்காகாத சர்க்கரையும் கலந்திருப்பதாகக் கண்டார். பின்பு பிரான்சில் பியோ என்பவர் ஒளியின் திருப்பத்தை அளக்கும் முறையைச் சர்க்கரைகளின்மேல் பிரயோகித்தபோது, வலப்புறம் திருப்பும் கரும்புச் சர்க்கரையை அமிலமிட்டுக் காய்ச்சினால் அக்கரைசல் இடப்புறம் திருப்புவதாக மாறும் விந்தை தெரியவந்தது. இவ்விரண்டு அவதானங்களையும் இணைத்து உண்மையை வெளிக்கொணர்ந்த பெருமை, சாராய வடிப்பிலும் பீட்சர்க்கரைத் தொழிலிலும் தேர்ந்த துப்ரன்ஃபோ என்னும் பிரெஞ்சு ரஸாயனிக்கு உரியது. 1847இல் அவர், அமிலத்தால் பிளந்த கரும்புச் சர்க்கரையில் சுண்ணாம்பைச் சேர்த்து, கரையாது தங்கிய படிவைப் பிரித்தெடுத்து, அப்படிவிலிருந்து மீட்ட சர்க்கரை ஒளியை மிக வலுவாக இடப்புறம் திருப்புவதாகக் காட்டினார். ஃபிரக்டோஸ் என்ற பெயரை 1857இல் ஆங்கில ரஸாயனி மில்லர் சூட்டினார். ஆனால் அந்தப் பொருளைத் தூய பளிங்காகக் கண்ணாற் கண்டதோ 1881இல்தான். ஜுங்ஃபிளைஷ், லெஃப்ராங்க் என்ற இருவரின் உழைப்பால் அது நடந்தது. பெயரிட்டு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்தே உருவம் புலப்பட்ட பதார்த்தம் அது.

துப்ரன்ஃபோவின் சுண்ணாம்பு முறையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ரஸாயனப் பிரிப்பு என்ற பெயருக்கு முற்றும் தகுதியுடையது அதுவே என்பது என் கருத்து. தேனையோ, அமிலத்தால் பிளந்த சர்க்கரைப் பாகையோ எடுத்துக்கொண்டு, பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை நிற்கும்படி தண்ணீர் விட்டு இளக்கி, பாத்திரத்தைப் பனிக்கட்டியில் இருத்திக் குளிரச் செய்தபின், நீற்றிய சுண்ணாம்பை மைபோல் அரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்து இடையறாது கலக்க வேண்டும். சுண்ணாம்பு இரண்டு சர்க்கரைகளோடும் சேரும். ஆனால் குளுக்கோஸோடு சேர்ந்தது கரைசலிலேயே தங்க, ஃபிரக்டோஸோடு சேர்ந்தது குளிர்ந்த நீரில் கரைய மாட்டாமல் நுண்ணிய ஊசிகளாகத் திரண்டு, கலவை முழுவதும் கூழ்போல் இறுகிவிடும். அதை வடிகட்டி, குளிர்ந்த சுண்ணாம்புத் தெளிநீரால் கழுவினால், ஒட்டியிருந்த குளுக்கோஸ் பெரும்பாலும் நீங்கும். கழுவிய படிவை மீண்டும் தண்ணீரில் கலக்கிக் கரியமில வாயுவை உள்ளே செலுத்த, சுண்ணாம்பு தன் பழைய உருவமாகிய சுண்ணக்கல் மாவாய் அடியில் வீழ்ந்துவிட, ஃபிரக்டோஸ் மட்டும் தெளிந்த நீரில் எஞ்சும். பின்னர் அத்தெளிவைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் மந்தமான சூட்டில் சுண்டச் செய்து, சாராயத்தில் கரைத்து, முன்னரே கைவசமுள்ள ஃபிரக்டோஸ் பளிங்கில் ஒரு துகளை வித்தாக இட்டுக் காத்திருந்தால், பளிங்கு மெல்லத் தோன்றும்.

இதில் பனிக்கட்டி ஓர் அலங்காரம் அன்று. உஷ்ணம் சற்று ஏறினாலும் முதலில் அப்படிவு கரையத் தொடங்கும். அதனினும் பெரிய கேடு, சூடான காரத்தில் சர்க்கரைகள் தம் உருவத்தையே இழக்கத் தலைப்படுவது. 1895இல் டச்சுக்காரராகிய லோப்ரி த ப்ருயின் என்பவரும் ஆல்பர்டா ஃபான் எக்கன்ஸ்டைன் என்பவரும் காட்டியபடி, காரமானது குளுக்கோஸை ஃபிரக்டோஸாகவும், ஃபிரக்டோஸைக் குளுக்கோஸாகவும், இரண்டையும் மன்னோஸ் என்னும் மூன்றாவது சர்க்கரையாகவும் மாற்ற வல்லது. சூடு மிகுந்தால் பழுப்பேற்றி அமிலங்களாகவே சிதைத்துவிடும். பிரிப்பதற்கென்று இட்ட பொருளே பிரிக்க வேண்டியதைக் கெடுக்கும் இந்த அபாயம்தான், பரிசோதனைச் சாலையில் அழகாக நடந்த முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவதில் நெடுநாள் தடையாக நின்றது. அமெரிக்காவின் தேசிய அளவை நிலையத்தில் 1920களில் ஜாக்சனும் அவருடைய சகாக்களும் சுண்ணாம்பு சேர்க்கும் அளவு, குளிர்ச்சி, கலக்கும் வேகம், வித்திடும் தருணம் ஆகியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக வரையறுத்து, இதைப் பெரிய அளவில் செய்யத்தக்க முறையாக்கப் பெருமுயற்சி செய்தார்கள்.

சுண்ணாம்புக்கு இந்தப் பேதம் தெரிவது எப்படி என்ற கேள்வி எழுவது இயல்பு. தண்ணீரில் இச்சர்க்கரைகள் நேர்ச்சங்கிலியாக நில்லாமல் வளையமாக மடங்கியே பெரும்பாலும் இருக்கும். குளுக்கோஸின் ஆறணு வளையத்தில் பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்ஸில்கள் எதிரெதிர்த் திசைகளில் மாறி மாறி அமைந்திருக்க, ஃபிரக்டோஸின் வளையங்களில் அடுத்தடுத்த இரண்டு ஹைட்ராக்ஸில்கள் ஒரே பக்கம் நோக்கி நிற்கும் இடங்கள் உண்டு. அந்த இடைவெளி கால்சியம் அயனியின் பருமனுக்கு நன்கு பொருந்துவதால், அது ஃபிரக்டோஸை இறுகப் பற்றிக்கொள்கிறது. மலையடிவாரத்தில் வெண்ணிறக் கரடுகளாகக் கிடக்கும் சேலத்து வெள்ளைக்கல்லில் மிகுந்திருக்கும் மக்னீசியம், கால்சியத்தோடு ஒரே குலத்துப் பொருளேயாயினும், அதன் அயனி மிகவும் சிறுத்துத் தன்னைச் சூழ்ந்த தண்ணீரை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருப்பதால், இந்தக் காரியத்திற்கு அதனால் அவ்வளவு பிரயோஜனமில்லை. வெள்ளைக்கல் விளையும் சீமையில் பிறந்தும், இவ்விஷயத்தில் நாம் சங்ககிரிச் சுண்ணக்கல்லையே நாட வேண்டியிருக்கிறது.

மற்ற ரஸாயன உபாயங்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்று மிகவும் பயனற்றதாக முடிந்தது கவனிக்கத்தக்கது. ஜெர்மானிய மேதை எமில் ஃபிஷர் 1884இல் சர்க்கரைகளோடு ஃபினைல்ஹைட்ரஸீனைச் சேர்த்து, ஓசஸோன் எனப்படும் அழகிய மஞ்சட் பளிங்குகளை உண்டாக்கி, அதுவரை பாகும் பிசினுமாகக் குழம்பிக் கிடந்த சர்க்கரை ரஸாயனத்திற்கு ஒழுங்கு தந்தார். 1902இல் நோபல் பரிசையும் பெற்றார். ஆனால் ஓசஸோன் உண்டாகும்போது சங்கிலியின் முதலிரண்டு கார்பன்களின் விசேஷங்கள் அழிந்துபோவதாலும், குளுக்கோஸுக்கும் ஃபிரக்டோஸுக்கும் பேதம் அவ்விரண்டில் மட்டுமே இருப்பதாலும், இரண்டும் ஒரே ஓசஸோனையே தருகின்றன. இரண்டின் உறவை நிரூபித்த அந்த முறை, அதே காரணத்தால், இரண்டையும் பிரிப்பதற்கு உதவாததாயிற்று.

புரோமின் நீர் முறை இதற்கு மாறானது. அது குளுக்கோஸின் முதற் கார்பனைத் தாக்கிக் குளுக்கோனிக் அமிலமாக்கிவிடும். அந்த இடத்தில் தாக்கத்தக்க அமைப்பு இல்லாத ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் தொடாது. பிறந்த அமிலத்தைக் கால்சியம் உப்பாக ஒதுக்கினால் எஞ்சுவது ஃபிரக்டோஸ். காரியம் முடிகிறது, ஆனால் குளுக்கோஸைப் பலிகொடுத்து முடிகிறது. ஆகையால் இதைப் பிரித்தல் என்பதைவிட ஒன்றை அழித்து மற்றதைக் காத்தல் என்றே சொல்லலாம். செலிவானோஃப் 1887இல் வெளியிட்ட சோதனையோ பிரிப்பதே இல்லை. ரெஸார்ஸினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் காய்ச்சினால் ஃபிரக்டோஸ் விரைவில் செந்நிறம் காட்டும், குளுக்கோஸ் தாமதித்து மங்கலாகக் காட்டும். கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் செய்துவரும் இச்சோதனை, ஃபிரக்டோஸ் இருக்கிறதா என்பதைச் சொல்லும். அதை எடுத்துக் கையில் கொடுக்காது. போரிக் அமிலத்தின் வழித்தோன்றலாகிய ஃபினைல்போரோனிக் அமிலம் இவற்றினும் நயமானது. 1959இல் லோராண்டும் எட்வர்ட்ஸும் அளந்து காட்டியபடி, அது குளுக்கோஸைப் பற்றுவதைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு வலுவாக ஃபிரக்டோஸைப் பற்றுகிறது. பற்றியதை அமிலம் காட்டியவுடன் விட்டும்விடுகிறது. விலை மிகுந்த பொருளாதலால் அது பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலையின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

பிரிக்க வேண்டிய அவசியமே எழாதபடி வழி விலகிப் போகும் உபாயம் ஒன்றும் உண்டு. அதற்குரிய தாவரங்களில் ஒன்றை ஏற்காட்டின் கோடைவிழா மலர்க் கண்காட்சிக்குச் சென்றவர்கள் பெரிய பெரிய வண்ணப் பூக்களாகப் பார்த்திருப்பார்கள்: டாலியா. அதன் கிழங்கில் சேமித்திருப்பது மாவுச்சத்து அன்று, இனுலின்; நூற்றுக்குச் சுமார் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஃபிரக்டோஸ் அலகுகளாலேயே கோத்த சங்கிலி அது. மெல்லிய அமிலத்தில் சிறிது நேரம் சூடாக்கினால் சங்கிலி அறுந்து ஏறத்தாழத் தூய ஃபிரக்டோஸ் கிடைத்துவிடும். ஜுங்ஃபிளைஷ் குழுவினருக்கு முதற் பளிங்கு வாய்த்ததும் இனுலின் வழியாகவே.

இன்னொரு இனுலின் மூலமோ தென்னாட்டார் தினந்தோறும் காலையில் குடிக்கும் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்த காலந்தொட்டு, சேர்வராயன் சரிவுகள் காப்பிக்குப் பெயர் பெற்றவை. அந்தக் காப்பியோடு நம்மவர் கலக்கும் சிக்கரி, நீலப்பூச் செடியொன்றின் வேர். பச்சை வேரில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை இனுலின் உண்டு. வறுக்கும்போது அது உடைந்து ஃபிரக்டோஸாகி, அதுவும் கருகிப் பாகாவதனாலேயே சிக்கரிக்கு அந்தக் கருஞ்சிவப்பு நிறமும் கசப்போடு கலந்த இனிப்பும் உண்டாகின்றன. காப்பி என்றதும் மற்றொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. ஃபிரக்டோஸுக்கு இனிப்பு அதிகம் என்று நம்பி அதைக் கொதிக்கும் காப்பியில் இட்டுப் பார்ப்பவர் ஏமாறுவார். குளிர்ந்த நீரில் மிகுதியாயிருக்கும் இனிப்பு மிகுந்த ஆறணு வளையம், சூட்டில் கணிசமாக இனிப்புக் குறைந்த ஐந்தணு வளையமாக மாறிவிடுவதால், சூடான பானத்தில் அது சாதாரணச் சர்க்கரையைவிடப் பெரிதும் மேம்பட்டு நிற்பதில்லை. எலுமிச்சைச் சாற்றிலும் ஐஸ்கிரீமிலும்தான் அதன் பெருமை வெளிப்படும்.

மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கினால், காட்சியே வேறு. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கங்களில் கண்ணுக்கெட்டிய மட்டும் மரவள்ளி; வழிநெடுகச் சேகோ ஆலைகளின் களங்களில் வெயிலில் காயும் ஜவ்வரிசியும் மாவும். இரண்டாவது உலக யுத்தத்தால் வெளிநாட்டு மாவும் ஜவ்வரிசியும் வருவது தடைப்பட்ட 1943ஆம் ஆண்டு வாக்கில் குடிசைத் தொழிலாக இங்கே வேரூன்றிய இது, 1981இல் பதிவான சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றும் அளவுக்கு வளர்ந்தது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. அதை அமிலத்தால் உடைத்துச் சர்க்கரையாக்கலாம் என்பதைக் கிர்க்காஃப் 1811இலேயே கண்டுவிட்டார். குளுக்கோஸை ஃபிரக்டோஸாக மாற்றவல்ல நொதி 1957இல் அமெரிக்காவில் மார்ஷல், கூயி என்பவர்களால் வெளிப்பட்டு, 1960களில் ஜப்பானியரின் ஆராய்ச்சியால் தொழிலுக்கு ஏற்றதாகப் பண்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்தால் எந்த மாவிலிருந்தும், மக்காச்சோளமோ அரிசியோ மரவள்ளியோ எதுவாயினும், பழச்சர்க்கரை செய்துகொள்ளலாம் என்றாயிற்று.

ஆனால் நொதி பாதி வழியே கூட்டிச் செல்லும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறத்தாழச் சமமாகும் நிலையில் மாற்றம் நின்றுவிடும். தொழிற்சாலைகளில் நூற்றுக்கு 42 பங்கு ஃபிரக்டோஸ் சேர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். ஆக, தேனில் லோவிட்ஸ் எதிர்ப்பட்ட அதே கலவை, அதே பழைய பிரச்சினையோடு, இங்கும் வந்து நிற்கிறது. அதைத் தீர்ப்பதற்கு இன்று உயர்ந்த தூண்களில் சிறுசிறு பிசின் மணிகளை நிரப்பி, அவற்றின்மேல் பாகை ஓடவிடுகிறார்கள். குளுக்கோஸ் தங்காமல் முந்தி இறங்கிவிட, ஃபிரக்டோஸ் மணிகளில் ஒட்டி ஒட்டித் தாமதித்துப் பிந்தி வந்து சேருகிறது. பிந்தி வருவதைத் தனியே பிடித்தால் 90 பங்கு ஃபிரக்டோஸ் உள்ள பாகு கிடைக்கும். அதையும் 42 பங்குப் பாகையும் கலந்து பானங்களுக்கு உகந்த 55 பங்குப் பாகு செய்கிறார்கள். பிசின் மணிகளில் ஏற்றியிருப்பது என்ன என்று விசாரித்தால், கால்சியம். படிவாக வீழ்த்தாமல் பற்றிப் பற்றி விடும் தந்திரம் புதிது; ஃபிரக்டோஸை அடையாளம் கண்டு பற்றுவது துப்ரன்ஃபோ தம் பாத்திரத்தில் இட்ட சுண்ணாம்பின் அதே உலோகம். பனிக்கட்டியும் வேண்டாம், காரத்தால் வரும் சிதைவும் இல்லை. கைத்திறனாக இருந்ததை இரவுபகலாக ஓடும் ஆலைத் தொழிலாக மாற்றியது இதுவே.

இந்த வெற்றிக்குத் தேன் விலைகொடுக்க நேர்ந்தது. எந்த விகிதத்திலும் இரண்டு சர்க்கரைகளைக் கலந்து தரமுடியும் என்ற நிலை வந்தவுடன், தேனின் விகிதத்திற்கே சரிப்படுத்திய பாகுகள் சந்தைக்கு வந்தன. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனைச் சேர்க்கும் வழி, தேனீ நாடும் பூச்செடிகளில் பெரும்பாலானவற்றின் வழியினின்று வேறாதலால், அவற்றின் சர்க்கரையைக் கனமான கார்பன் ஐசோடோப்பின் அளவைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். அரிசியோ பூச்செடிகளின் வழியையே பின்பற்றுவதாதலால் அச்சோதனைக்கு அகப்படாமல் தப்பிவிடுகிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், இந்தியாவில் 13 பெயர்களில் விற்கப்பட்ட தேன்களைக் அணுக்கருக் காந்த ஒத்திசைவுச் சோதனை உட்படப் பலவற்றுக்கும் ஆட்படுத்தி, மூன்றே மூன்றுதான் எல்லாவற்றிலும் தேறின என்று அறிவித்தது. பல நிறுவனங்கள் அதை மறுத்துரைத்தன. வழக்காடுவோர் வழக்காடட்டும். நம் விஷயத்திற்கு வேண்டிய உண்மை வேறு: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தேனுக்கு விதித்துள்ள ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் விகிதம் 0.95 முதல் 1.50 வரை. காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை எல்லாப் பூக்களின் தேனுக்கும் ஒரே வரம்பு விதிக்கும்போது அது இவ்வளவு அகலமாகத்தான் இருக்க முடியும். இவ்வளவு அகலமான வாயிலில் ஆலைப்பாகு நுழைவதும் கடினமல்ல.

விகிதம் பூவுக்குப் பூ மாறும் என்பது தேன் தொழிலில் உள்ளோர் நன்கறிந்தது. வடநாட்டுக் கடுகுப்பூத் தேனில் குளுக்கோஸ் ஓங்கியிருப்பதால் அது எடுத்த சில வாரங்களிலேயே உறைந்துவிடும். ஃபிரக்டோஸ் மிகுந்த தேன்கள் ஆண்டுக்கணக்கில் பாகாகவே நிற்கும். சேர்வராயன் மலையிலோ, மார்ச், ஏப்ரலில் கோடைமழை விழுந்த சில நாட்களுக்குள் காப்பித் தோட்டம் முழுவதும் ஒருசேர வெண்பூப் பூத்து மூன்று நான்கு நாட்களில் உதிர்ந்துவிடும். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கும், காட்டில் நாவலும் மற்ற மரங்களும் தத்தம் பருவங்களில் பூக்கும். இத்தனை பருவத்துத் தேனும் ஒரே விகிதத்தில் இருக்க நியாயமில்லை. ஆகவே, உறைந்தது என்பதால் கலப்படம் என்று தீர்ப்பதும் பிழை. உறையவில்லை என்பதால் சுத்தம் என்று தீர்ப்பதும் பிழை. பொதுவரம்புக்குள் இருக்கிறது என்பதால் ஐயம் தீர்ந்தது என்று கொள்வதும் பிழையே. எந்த மலையில், எந்த மாதத்தில், எந்தப் பூவிலிருந்து வந்த தேனுக்கு என்ன விகிதம் என்று கண்டு எழுதிவைத்த கணக்கு ஒன்றே, வந்த தேனை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நம்பகமான அளவுகோலாக முடியும்.

அந்தக் கணக்கை எடுப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சேலத்துக் கல்லூரிகளின் ரஸாயனச் சாலைகளில் ஒளித்திருப்பத்தை அளக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. புரோமின், அயோடின் முறைகளால் குளுக்கோஸை அளப்பது பட்டப்படிப்பு மாணவரின் திறமைக்கு உட்பட்டது. சுண்ணாம்பும் பனிக்கட்டியும் கொண்டு துப்ரன்ஃபோ செய்ததைச் செய்து பார்ப்பது, பாடப்புத்தகத்தில் படித்ததைக் கண்ணாற் காண்பதற்கு நல்ல வாய்ப்பு. மலைக்கிராமங்களில் தேனெடுப்போர், தாம் அடையெடுத்த இடத்தையும் மாதத்தையும் சொல்லி ஒரு புட்டி கொடுக்க, அதைச் சோதித்த முடிவை அவர்களுக்கே எழுத்துமூலம் திருப்பிக் கொடுப்பதென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டால், சில ஆண்டுகளில் இம்மலைத்தேனுக்கென்று ஓர் அட்டவணை உருவாகிவிடும். ரஸாயனப் பேராசிரியர்களும் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்களும் இதனை மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரையில், தை மாதத்தில் ஏற்காட்டில் வாங்கிய தேன் உறைந்துவிட்டதென்று விற்றவரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். புட்டியைக் கைபொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் அது மீண்டும் பாகாகிவிடும்.